ஞானசவுந்தரியின் நாக்கும் சிவலையின் வழியும்

நெடுந்தீவுப் பால் சங்கத்துக்கு நான் கிளாக்கராகப் போனது இரண்டாயிரமாம் ஆண்டு தை மாதம். கிளாக்கர் என்றதும் மேசை, கதிரை, அலுமாரி என்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். காலையில் பால் கொண்டுவருகிறவர்களின் கானுக்குள் பால்மானியை மிதக்க விடுவேன். அது கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குழாய். பால் தடிப்பாக இருந்தால் உயர்ந்து நிற்கும், தண்ணீர் கலந்திருந்தால் தாழ்ந்துபோகும். தாழ்ந்தால் கத்துவேன். அவ்வளவுதான் உத்தியோகம். கத்துவது எனக்குப் பிறவியிலேயே நன்றாக வரும் என்பதால் சங்கத் தலைவருக்கு என்னைப் பிடித்துப்போனது.

போன முதல் கிழமையே ஒரு பெயரைக் காதில் போட்டார்கள். ஞானசவுந்தரி. நாற்பது வயது, கலியாணம் செய்யாதவர், பதினாலு மாட்டுக்குச் சொந்தக்காரி. ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்து, அது தீவின் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிடுவாராம். எனக்கு இந்த மாதிரிக் கதைகளில் நம்பிக்கை கிடையாது. கண்ணாடிக் குழாயை நம்பிப் பிழைக்கிறவன் நான். ஒருநாள் ஐந்து கிளாசில் ஐந்து கிணற்றுத் தண்ணீரை நிரப்பி மேசையில் வைத்துவிட்டு, பால் கொண்டுவந்த ஞானசவுந்தரியை உள்ளே கூப்பிட்டேன். புங்குடுதீவில் எங்கள் வீட்டிலிருந்து சோடாப் போத்தலில் கொண்டுவந்திருந்த தண்ணீரையும் ஆறாவது கிளாசில் ஊற்றி வைத்திருந்தேன். சின்னப்புத்திதான், ஒத்துக்கொள்கிறேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்தார். நாக்கு நனையும் அளவுக்குத்தான் குடித்தார்.

"இது கோயில் கிணறு. இது எங்கடை. இது ஆஸ்பத்திரிக் கிணறு. இது இரஞ்சிதம் வீட்டுக் கிணறு, நேற்று வாளியைப் புளி போட்டு மினுக்கியிருக்கிறாள். இது பனங்காணிக் கிணறு, மாட்டுக்குச் சரி, சினை மாட்டுக்கு ஆகாது." ஆறாவது கிளாசை வாயில் வைத்தவர் என்னைப் பார்த்தார். "இது எங்கடை தீவிலை இல்லை. உம்மடை ஊர்த் தண்ணியோ? சோடாப் போத்தலிலை அடைச்சுக் கொண்டந்தனீர், என்ன?"

நான் என்னை அறியாமலே கதிரையை விட்டு எழுந்துவிட்டேன்.

"அக்கா, இது என்னெண்டு ஏலும்?"

"ஏலாமல் என்ன? உமக்கு ஆக்களின்ரை முகம் தெரியுதெல்லே, அது மாதிரித்தான் கிளாக்கர்."

அந்த நாக்கு வெறும் வேடிக்கைக்கு உரியது அல்ல என்பது போகப்போகத்தான் விளங்கியது. நெடுந்தீவில் ஆறு இல்லை, குளங்களும் சித்திரைக்கே வற்றி வெடித்துவிடும். துளை நிறைந்த முருகைக்கல் தரை மாரியில் பெய்கிற மழையைக் குடித்து வைத்து, கோடையில் கிணறுகளில் திருப்பித் தரும். நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு இருபது அடி தள்ளி உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர்க் கிணறு இருக்கும். போன வருடம் நன்றாக இருந்தது இந்த வருடம் சவராகிவிடும். வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுத் தொடங்கியதும் ஞானசவுந்தரி கிணறு கிணறாகப் போய் நாக்கில் வைத்துப் பார்த்து, எந்தக் கிணற்றில் எந்த மாட்டை விடலாம் என்று சொல்வார். தீவில் மாடு வைத்திருந்தவர்கள் அதை அப்படியே கேட்டு நடந்தார்கள். அரசாங்கத்து விதானையார் சொன்னால்கூட இரண்டு தரம் யோசிக்கிற சனம், இவர் சொன்னால் யோசிக்காது.

தொண்ணூற்றாறில் அவருடைய தங்கை குடும்பத்தோடு இந்தியாவுக்குப் படகேறியபோது இவரையும் கையைப் பிடித்து இழுத்தாளாம். அதற்கு இவர் சொன்ன பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "மாடு நிக்குமட்டும் நானும் நிப்பன். மாடு போனால் நானும் போவன்." தங்கை போய்விட்டாள். பக்கத்து வளவில் அண்ணன் இராயப்பு மட்டும் இருந்தார். பாலும் தயிரும் நெய்யும் தவிர ஞானசவுந்தரிக்கு வேறு வருமானம் கிடையாது. அந்தப் பதினாலு மாடும் இல்லையென்றால் அவருக்கு நெடுந்தீவே இல்லை.

மழை பிழைக்கத் தொடங்கியது நான் போன பிறகுதான். என் ராசி என்று சிலர் சொன்னார்கள், சொல்லட்டும். ஐப்பசியில் வர வேண்டிய மழை கார்த்திகை முடியும்போது வந்தது. வந்தாலும் இரண்டு நாளில் ஒரேயடியாகக் கொட்டி, நிலம் வாயைத் திறப்பதற்குள் கடலுக்கு ஓடிப்போனது. புல் அரை விரல் வளர்ந்து கருகியது. மேய்ச்சல் வெளியில் தீவின் காட்டுக் குதிரைகள் எலும்பு தெரிய நின்றன. இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்று பாதை திறந்தபோது, ஒருவர் பெரிய படங்களோடு வந்து பள்ளிக்கூடத்தில் எங்களை இருத்தி, உலகம் சூடாகிறது, காலநிலை மாறுகிறது என்று விளக்கினார். ஞானசவுந்தரி பின்வரிசை வாங்கில் இருந்து கையை உயர்த்தினார்.

"மாறுறதெண்டால் எங்களுக்கு ஒரு கடிதமாவது போட்டிருக்கலாமே ஐயா. ஐப்பசி மழைக்கு மாட்டைச் சினைப்படுத்தி வைச்சிட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறம்."

எல்லோரும் சிரித்தோம். அந்த மனிதரும் சிரித்தார். ஆனால் ஞானசவுந்தரி சொன்னது விளையாட்டில்லை. புல் முளைக்கிற நேரத்தில் கன்று பிறந்தால்தான் தாய்க்குப் பால் சுரக்கும். மழை ஒன்றரை மாதம் தள்ளிப்போனால் அந்த வருடத்துப் பால் போனதுதான்.

அந்த வருடம் ஆவணியில் ஞானசவுந்தரியின் கிணற்றில் அடிக்கல் தெரிந்தது. நெடுந்தீவில் ஒரு பழக்கம் உண்டு. கிணற்றை ஆழமாக வெட்ட மாட்டார்கள். பனையோலைப் பட்டையை மெல்ல இறக்கி, மேலால் வழித்துத்தான் அள்ளுவார்கள். வாளியைத் தொப்பென்று போட்டால் பெரியவர்கள் ஏசுவார்கள், "தண்ணியை எழுப்பாதை" என்று. ஏன் எழுப்பக் கூடாது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பழக்கம் என்பார்கள். தண்ணீர் நிறைய இருக்கும்வரை பழக்கத்தைக் காப்பாற்றுவது சுலபம். அடிக்கல் தெரிந்த அன்று இராயப்பு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு அலவாங்கோடு இறங்கினார். இரண்டு முழம் கல்லை உடைத்தார்கள். தண்ணீர் குபுகுபுவென்று இடுப்பு மட்டத்துக்கு ஏறியது. உள்ளே நின்றவர்கள் கூவிய கூவல் சங்கம் வரைக்கும் கேட்டது. பாதை திறந்ததில் இராயப்புவுக்கு ஓர் இறைப்பு மெசினும் கிடைத்திருந்தது. அதைப் பூட்டினார். அரை நாள் அள்ளி நிரப்பும் மாட்டுத் தொட்டி கால் மணித்தியாலத்தில் நிரம்பியது.

ஞானசவுந்தரி குனிந்து கையால் ஏந்திக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பத்துப் பதினைந்து பேர் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நல்ல தண்ணி," என்றார்.

அந்த ஒரு சொல்லில் பத்துக் குடும்பத்து மாடுகள் அந்தத் தொட்டிக்கு வந்தன. ஒவ்வொரு கிழமையும் அவர் நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு கிழமையும் நல்ல தண்ணிதான்.

அடுத்த வருடம் என் பால்மானி தாழத் தொடங்கியது. முதலில் அரைக் கோடு, பிறகு ஒரு கோடு. பன்னிரண்டு போத்தல் பால் கொண்டுவந்த ஞானசவுந்தரி ஐந்து போத்தலோடு வந்தார், அதுவும் மெலிந்த பால். மற்றவர்களின் பாலும் அப்படித்தான். நான் என்ன செய்ய வேண்டும்? யோசிக்க வேண்டும். நான் கத்தினேன்.

"அக்கா, நீங்களுமா? பாலுக்குள்ளை தண்ணி விட்டுக் கொண்டரத் தொடங்கிட்டியளே?"

அவர் கானைத் தூக்கி, அத்தனை பாலையும் என் கண்முன்னால் வாசலில் ஊற்றினார். வெறும் கானை என் மேசையில் வைத்தார்.

"என்ரை பாலிலை தண்ணி இருக்கெண்டால், அதை மாடுதான் கலந்திருக்க வேணும். போய் மாட்டைக் கேளும்."

அந்தப் பால் மணலில் ஊறிப் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகம் சுடுகிறது. அடுத்த மூன்று மாதம் அவர் என்னோடு கதைக்கவில்லை. பாலைத் தந்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இரண்டாயிரத்து நான்கு ஆடிக்குள் நிலைமை கைமீறிவிட்டது. இரண்டு கன்றுகள் செத்துப் பிறந்தன. மாடுகளுக்குக் கழிச்சல் நிற்கவில்லை. மயிர் முள்ளாக நிமிர்ந்து நின்றது. இதற்குள் சிவலை என்ற பசு ஒரு புதுக்கூத்துக் காட்டத் தொடங்கியது. தொட்டிக்கு வந்து மூக்கை வைக்கும், குடிக்காமல் திரும்பும், தனியாக இரண்டு கட்டை தூரம் நடந்து பூவரசடிக் கிணற்றில் போய் நிற்கும். அந்தக் கிணற்றுக்காரர்கள் தொண்ணூறுகளிலேயே போய்விட்டார்கள். ஒரு பக்கத்துக் கட்டுச் சரிந்து, மாடு இறங்கிக் குடிக்கிற மாதிரிக் கிடந்தது. தண்ணீர் முழங்கால் அளவுதான். ஞானசவுந்தரி ஒவ்வொரு நாளும் போய் அதைக் கயிறு போட்டு இழுத்துவருவார்.

"வீட்டிலை நல்ல தண்ணி இருக்கேக்கை இதுக்கு இருக்கிற திமிரைப் பார்."

கடைசியில் மனம் விட்டுவிட்டார். யாழ்ப்பாணத்தில் மாட்டு வியாபாரம் செய்த மார்க்கண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆவணி கடைசிக் கிழமை, பதினாலு மாட்டையும் படகில் ஏற்றுவது என்று பேச்சு. ஞானசவுந்தரி தங்கைக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி என்னிடம்தான் வந்தார். பழைய கோபத்தை முழுக்க மறந்து வரவில்லை, எழுதத் தெரிந்த வேறு ஆள் அன்றைக்கு ஊரில் இல்லை. "மாடு போகுது, நானும் வாறன்" என்று இரண்டு வரி.

கடிதம் எழுதிய கிழமையே சிவலையை இழுத்துவரப் போன இடத்தில், புல்லுக்குள் கிடந்த பழைய முட்கம்பி அவருடைய காலைக் கிழித்தது. கால் வீங்கி, காய்ச்சல் வந்து, படகில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியிலும், கோண்டாவிலில் ஓர் உறவுக்காரர் வீட்டிலுமாக இருபத்திரண்டு நாள். அங்கே நாளும் பொழுதும் தோட்டக் கிணற்று நல்ல தண்ணீரையே குடித்தாராம். திரும்பி வந்த அன்று இறங்குதுறையிலிருந்து சைக்கிளில் வைத்து நான்தான் தள்ளிவந்தேன். வீட்டுக்குள் போகவில்லை. நொண்டிக்கொண்டு நேரே தொட்டிக்குப் போய்க் கையில் ஏந்திக் குடித்தார்.

குடித்ததைத் துப்பினார்.

"கிளாக்கர், ஆரோ இதுக்குள்ளை உப்புக் கொட்டிப்போட்டாங்கள்!"

நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். "எப்பவும் இருக்கிற தண்ணிதானே அக்கா."

"எப்பவும் இருக்கிறதோ? இது சவர் காணும்! வாயிலை வைக்க ஏலாது!"

"எனக்குக் கொஞ்சம் சவராத்தான் இருந்தது. நீங்கள் நல்ல தண்ணி எண்டு சொல்லேக்கை நான் ஆர் இல்லையெண்டு சொல்ல?"

அவர் தொட்டியின் விளிம்பில் இருந்துவிட்டார். இரண்டு வருடமாக உப்பு நாளுக்கு ஒரு துளியாக ஏறியிருக்கிறது. நாக்கும் நாளுக்கு ஒரு துளியாக அதோடு சேர்ந்து ஏறியிருக்கிறது. ஆறு கிளாசைப் பிரித்துச் சொன்ன நாக்கு, இரண்டு வருடம் ஒவ்வொரு நாளும் பொய் சொல்லியிருக்கிறது, அதுவும் தனக்கே தெரியாமல். எனக்கு அந்த இடத்தில் பயம் வந்தது. அவ்வளவு பெரிய நாக்குக்கே இந்தக் கதி என்றால் என்னைப் போன்றவர்களின் கதி என்ன?

"சிவலை எங்கை?" என்றார்.

எங்கே நிற்கும்? இருவரும் பூவரசடிக்குப் போனோம். சிவலை சரிந்த கட்டு வழியே இறங்கி, மேல்தண்ணீரை உதட்டால் வழித்து வழித்துக் குடித்துக்கொண்டு நின்றது. ஞானசவுந்தரி பக்கத்தில் படுத்து ஒரு சிரட்டையால் மேலாக அள்ளிக் குடித்தார். என்னிடம் நீட்டினார். இளநீர் தோற்றது. பிறகு சிரட்டையை ஆழ அமிழ்த்தி அடியில் கிடந்ததை அள்ளித் தந்தார். உப்பு.

ஒரே கிணறு, ஒரே தண்ணீர், முழங்கை ஆழத்துக்குள் இரண்டு சுவை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் சேட்டுப் பையில் பால்மானி இருந்தது. நான்கு வருடமாக ஒவ்வொரு நாளும் பாலுக்குள் விட்டேன், ஒரு நாளாவது தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேனா? மேல்தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து அதற்குள் பால்மானியை விட்டேன். குழாய் கடைசிக் கோடு வரைக்கும் அமிழ்ந்தது, கலப்பில்லாத நல்ல தண்ணீர். அடித்தண்ணீரில் விட்டேன். ஆறு கோடு உயர்ந்து நின்றது. இறைப்பு மெசின் தொட்டித் தண்ணீரில் பின்னேரம் விட்டுப் பார்த்தபோது மூன்று கோடு.

எங்கள் காலுக்குக் கீழே கடல் இருந்தது. தீவைச் சுற்றித்தான் கடல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அது கல்லுக்குள்ளால் வந்து தீவின் அடி முழுக்கக் கிடக்கிறது. பெய்த மழை அதன்மேல், பாலுக்கு மேல் ஆடை மாதிரி, மெல்லிசாக மிதந்துகொண்டிருக்கிறது. அந்த ஆடையை வழித்துக் குடித்துத்தான் இத்தனை நூறு வருடம் மனிதரும் மாடும் குதிரையும் இங்கே சீவித்திருக்கின்றன. மழை குறைந்து ஆடை மெலிந்த வருடம் பார்த்து நாங்கள் அலவாங்கால் அதைக் குத்தி ஓட்டை போட்டிருக்கிறோம். "தண்ணியை எழுப்பாதை" என்று ஏசிய பெரியவர்கள் எதை எழுப்ப வேண்டாம் என்றார்கள் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. கை கூப்ப வேண்டும் போல இருந்தது. ஞானசவுந்தரி கூப்பியே விட்டார். மாதாவையா, சிவலையையா, அந்தத் தண்ணீரையா கும்பிட்டார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது அவர் கோயில் வாசலில் நின்றார். "என்ரை நாக்குப் பிழைச்சுப்போச்சு. இரண்டு வருஷமாய் உங்கடை மாட்டுக்குச் சவரைக் குடுக்கச் சொன்னனான். மன்னியுங்கோ." இராயப்புதான் முதலில் நடந்தார். மெசினைக் கழற்றினார். வேலியோரம் கிடந்த முருகைக்கல்லைத் தோளில் தூக்கிவந்து கிணற்றுக்குள் இறக்கினார். பின்னேரத்துக்குள் உடைத்த இரண்டு முழமும் தூர்ந்தது. ஆனால் ஏறிய உப்பு கல்லைப் போட்டதும் இறங்கிவிடுமா? எத்தனை மழைக்குப் பிறகு அது கீழே போகும் என்று யாருக்கும் தெரியாது.

பூவரசடித் தண்ணீர் ஏழெட்டு மாட்டுக்கு மேல் தாங்காது. மார்க்கண்டு வருகிற அன்று காலை ஞானசவுந்தரி எல்லா மாட்டையும் அவிழ்த்துவிட்டார். சிவலை நடந்தது. அதன் பின்னால் ஆறு மாடு போயின. மற்ற ஏழும் தொட்டியடியில் பழக்கத்துக்கு நின்றன.

"நிக்கிறதுகளைக் கொண்டுபோங்கோ," என்று மார்க்கண்டுவிடம் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தங்கைக்கு எழுதிய கடிதம் என் மேசை லாச்சியிலேயே கிடந்தது. தபாலில் போடவா என்று கேட்டேன். "ஏழு நிக்குதெல்லே," என்றார்.

அந்த மார்கழியில் வடமராட்சிக் கரையில் கடல் ஊருக்குள் வந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. பிறகு சண்டை திரும்பவும் தொடங்கி, பாதை மூடி, படகுகள் குறைந்தன. சங்கத்தின் பாலை வெளியே அனுப்ப வழியில்லாமல் நெய்யாகக் காய்ச்சினோம். மழை ஒரு வருடம் வந்தது, ஒரு வருடம் வரவில்லை. நான்கு வருடம் ஞானசவுந்தரி தினமும் பூவரசடிக்கு நடந்து, பட்டையால் மேல்தண்ணீரை வழித்து ஏழு மாட்டுக்கும் வார்த்தார். தன்னுடைய கிணற்றை நாக்கில் வைத்துப் பார்க்கவே இல்லை. பாருங்கள் என்றால், "என்னட்டைக் கேளாதையும், சிவலையிட்டைக் கேளும்," என்பார்.

சிவலை ஒவ்வொரு காலையும் தொட்டியைத் தாண்டித்தான் போனது. மூக்கை வைக்கும், போகும்.

இரண்டாயிரத்து எட்டு கார்த்திகையில் ஒரு மழை பெய்தது. நான் கண்ட மழைகளை எல்லாம் அதற்குப் பிறகு மழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரவும் பகலும் நாட்கணக்கில், வானம் இடிந்து விழுகிற மாதிரிக் கொட்டியது. கூரைகள் போயின. ஆடுகள் மிதந்தன. கல்வேலிகள் சரிந்தன. ஒரு வருடத்து மழை ஒரு கிழமைக்குள் வந்துவிட்டது, கேட்டபோது தராததை எல்லாம் சேர்த்துவைத்துத் தலையில் கொட்டியது போல. ஞானசவுந்தரியின் மாடுகள் கோயில் மேட்டில் நின்று தப்பின.

வெள்ளம் வடிந்து பத்தாம் நாள் பால் எடுக்க அவருடைய வளவுக்குப் போயிருந்தேன். கிணறு கட்டு மட்டத்துக்கு நிறைந்திருந்தது. இராயப்பு பட்டையால் அள்ளித் தொட்டியைக் கழுவி நிரப்பியிருந்தார். மாடுகள் பூவரசடிக்குப் புறப்பட்டன. வயது போன சிவலை முன்னால், மற்றவை பின்னால். தொட்டியடியில் வழக்கம்போல நின்று மூக்கை வைத்தது.

ஞானசவுந்தரி என் கையைப் பிடித்தார். அப்படிப் பிடித்தது அந்த ஒரு தடவைதான்.

சிவலை போகவில்லை. தலையை இறக்கிக் குடித்தது. தொண்டை ஏறி இறங்குவது எங்களுக்குத் தெரிந்தது. குடித்துக்கொண்டே இருந்தது. மற்ற ஆறும் நெருக்கிக்கொண்டு வந்து தலையை விட்டன. நான் சேட்டுப் பைக்குள் பால்மானியைத் தேடினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

பிறகு கால் நொண்ட நொண்டப் போய், சிவலையின் தாடைக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று, அதே தொட்டியில் வாயை வைத்துக் குடித்தார். எழும்பியபோது முகமெல்லாம் தண்ணீர். எது கண்ணீர், எது கிணற்றுத் தண்ணீர் என்று எனக்குத் தெரியவில்லை, நானும் அழுதுகொண்டுதான் நின்றேன்.

"அந்தக் கடிதத்தைக் கிழிச்சுப்போடும் கிளாக்கர்," என்றார்.